முழங்கால் வரை சிவப்பு

வெர்லின் ப்ராசருடைய கஞ்சாச் செடிகள் சிவந்து போன விஷயத்தை அவன் மனைவி நெல்டா தேவாலய முற்றத்தில்தான் என்னிடம் சொன்னாள். ஆப்பிள் வெண்ணெய் என்று நாங்கள் சொல்லும் பழக்கூழைக் காய்ச்சும் நாள். செப்பு அண்டாவில் நீளத் துடுப்பை மாற்றி மாற்றி வலித்துக்கொண்டிருந்தோம்.

"உன் பிள்ளைங்களுக்கு என்னமோ ஆயிருக்குடி மாவிஸ். தண்டெல்லாம் ரத்தம் கட்டின மாதிரி இருக்கு. அந்த மனுஷன் வாய் திறந்து கேக்க மாட்டான். நீயே வந்து பாரு."

என் பிள்ளைகள் என்று அவள் சொன்னதில் தப்பில்லை. ஒஹாயோவில் ஆளுக்கு ஆறு செடி வீட்டில் வளர்க்கலாம் என்று சட்டம் வந்ததும், எங்கள் ஊரான கெட்டில் ரன்னில் முதலில் வளர்த்தது நான்தான். தீவனக் கடையில் விதை, உரம் விற்கும் பக்கம் என்னுடையது. என் தாய்ச் செடியிலிருந்து ஆறு கிளைகளை வெட்டி வேர் பிடிக்கவைத்து வெர்லினுக்குக் கொடுத்திருந்தேன். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து வேலை பார்த்தவன் அவன். முதுகு போய்விட்டது. வலி மாத்திரைகள் ஒரு காலத்தில் அவனை ஆளையே தின்னப் பார்த்தன. அதிலிருந்து மீண்டவனுக்கு இந்தச் செடி தேவலை என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தாள்.

"சரி, வெந்நீர் வருதா உங்க வீட்டுல?" என்று பக்கத்திலிருந்த யாரோ நெல்டாவைச் சீண்டினார்கள். அவள் வீட்டு வெந்நீர்த் தொட்டியின் காஸ் சுடர் அடிக்கடி அணைந்துபோவது ஊரறிந்த கதை.

"வருது, வருது. மழைக்கு மழை நின்னுடுது. புருஷனும் தொட்டியும் ஒரே ரகம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் போனேன். அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வெர்லினின் தாத்தா கட்டியது. ஊரில் பாதி வீடுகளைப் போல அதற்கும் அடியில் ஆறாம் நம்பர் நிலக்கரிச் சுரங்கம் ஓடுகிறது. நாங்கள் பிறப்பதற்கு முன்பே மூடப்பட்ட சுரங்கம். நிலவறையின் மூன்று சுவர்கள் சிமெண்ட். மலையை ஒட்டிய நான்காவது மட்டும் பழைய கருங்கல். அந்தக் கல்சுவரை வெள்ளித்தாளால் மறைத்து, அதன் முன்னே செடிகளை வரிசையாக வைத்திருந்தான். மேலே வெள்ளை விளக்கு. ஓரத்தில் வெந்நீர்த் தொட்டி.

செடிகளைப் பார்த்ததும் முதலில் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஒரே தாய்க்குப் பிறந்து, ஒரே நாளில் தொட்டிக்குப் போன என் செடிகள் இடுப்புயரம். இவை என் தோளைத் தொட்டன. இலைகள் உள்ளங்கையை விட அகலம். ஆனால் கீழ்த்தண்டுகளும் இலைக்காம்புகளும் பீட்ரூட் போலச் சிவந்திருந்தன. நகத்தால் லேசாகக் கீறினேன். சிவப்பு தோலோடு நிற்கவில்லை, உள்ளேயும் ஊறியிருந்தது.

"வம்சமோ?" என்றான் வெர்லின். "சில ஜாதிக்குத் தண்டே சிவப்பாமே."

"என் வீட்டுல இதே ஜாதி பச்சைப் பசேல்னு நிக்குது. வம்சம் இல்ல. என்ன போடற?"

"நீ சொன்னதுதான். சொன்ன அளவுதான்."

செடித்தொட்டியின் அடியில் வடிந்த தண்ணீரை எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். அமில அளவு சரியாக இருந்தது. ஆனால் சத்து என்று சொல்ல அதில் எதுவுமே மிச்சமில்லை. ஊற்றியதை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிவிட்டு வெறும் தண்ணீரைக் கழித்திருந்தன.

"பசிடா இதுங்களுக்கு. வளர்ற வேகத்துக்குச் சாப்பாடு பத்தல" என்றேன். உரத்தைக் கூட்டச் சொன்னேன். மக்னீசியத்துக்காகக் கொஞ்சம் எப்சம் உப்பும் கலக்கச் சொன்னேன். சிவப்புத் தண்டுக்கு எங்கள் கடையில் யார் வந்து கேட்டாலும் முதலில் சொல்லும் வைத்தியம் அது. ஏன் இத்தனை வேகமாக வளர்கின்றன என்று நான் கேட்டிருக்க வேண்டும். நன்றாக வளரும் செடியிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

இரண்டாம் முறை போனது ஒரு மழை நாளில். வாசலிலேயே நெல்டா தலையில் துண்டோடு எரிந்து விழுந்தாள். "பாதிக் குளியல்ல பச்சைத் தண்ணி! அவன்கிட்ட சொன்னா, 'அவன் ஊதி அணைக்கறான்'ங்கறான். யாருடா அவன்னா சிரிக்கறான்."

"அறுவடைக்கு முன்னாடியே ருசி பாக்கறானோ?"

"அதையும் கேட்டுட்டேன். ஒரு இலை தொடலயாம்."

கீழே வெர்லின் வழக்கமான மடக்கு நாற்காலியை விட்டுவிட்டு, கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். முதுகுவலிக்காரன் உட்காரும் இடமா அது? தரையில் வைத்திருந்த மின்விசிறியும் ஓடவில்லை.

"விசிறிய ஏன்யா நிறுத்தின? காத்தாடலன்னா பூஞ்சை பிடிக்கும்."

"சத்தம் போடுது. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

என்ன கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கண் செடிமேல் இருந்தது. இன்னும் ஒரு சாண் வளர்ந்திருந்தன. சிவப்பு, அடியில் நாலு விரல் உயரத்துக்கு, இன்னும் அழுத்தமாகியிருந்தது. அடியிலைகள் ஓரத்தில் கருஞ்சிவப்பாகச் சுருண்டிருந்தன. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைவாக இருக்கலாம் என்று தோன்றியது. உரத்தில் அது இல்லாமலில்லை. வேர் குளிர்ந்துபோனால் செடியால் அதை எடுக்க முடியாது. காப்பி கொண்டுவருகிறேன் என்று வெர்லின் மேலே போனான். நான் கைவிளக்கோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுவரோரச் செடியின் அடித்தண்டைப் பார்த்தேன்.

தரையோரம் சில்லென்றிருந்தது. கல்சுவரிலிருந்து, வெள்ளித்தாளின் அடிவிளிம்பு வழியாக, ஈரக்குளிர் ஒன்று கணுக்காலைத் தடவிக்கொண்டு வந்தது. அந்தத் தாள் மெல்ல உப்பி, மெல்ல ஒட்டியது. என் நெஞ்சு திடீரென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது. என் பின்கழுத்துக்கு நேரே யாரோ நிற்பது அத்தனை நிச்சயமாகத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்று சொன்னது காதருகே. சாதாரணமான, களைத்த ஆண்குரல்.

"குனிஞ்சுட்டுத்தானே இருக்கேன்" என்றேன், வெர்லின்தான் என்று நினைத்து.

படியில் காலடி கேட்டது. வெர்லின் இரண்டு கோப்பைகளோடு அப்போதுதான் இறங்கி வந்துகொண்டிருந்தான். "யார்கிட்ட பேசற?" என்றான்.

நான் சட்டென்று எழுந்தேன். எழுந்த மாத்திரத்தில் பயம் ஈரத்துணி நழுவுவதுபோல என்னைவிட்டு விழுந்தது. தலை மட்டும் வலித்தது. அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு அவன் முகம் மலர்ந்த விதம் இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

"உனக்கும் கேட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன். "இங்க குளிருது. அதான் வியாதி. தொட்டிங்கள தரையிலேருந்து தூக்கி வை. விசிறியப் போடு." காப்பியைக் குடிக்காமலே மேலேறி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் செடிகளோடு கொஞ்ச நேரம் நின்றேன். வயசாகிறது, மூட்டு மடக்கி உட்கார்ந்ததில் தலை சுற்றியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்கப்புறம் எதையாவது எடுக்கக் குனியும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

மூன்றாம் முறை போகும்போது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நீல வானம், இலையுதிர்காலக் காற்று. நிலவறையில் எந்த அச்சமும் இல்லை. சாதாரண நிலவறை வாசனை, சலவைத்தூள், ஈரமண். வெள்ளித்தாள் சுவரோடு இறுக ஒட்டிக்கொண்டிருந்தது, உள்ளே யாரோ இழுத்துப் பிடித்திருப்பது போல. வெர்லின் வெறுந்தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"எழுந்து நாற்காலில உக்காரேன்யா. முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"கீழதான் நல்லா கேக்குது. இன்னிக்கு வரமாட்டான். வெயிலடிச்சா வரமாட்டான்."

"யாரு?"

"பேர் சொல்றதில்ல. ஷிப்ட் முடிஞ்சுதான்னு கேப்பான். முடியலன்னு சொல்வேன். சரின்னு உக்காருவான். ஈர பூட்ஸ் வாசனை வரும்." செடி ஒன்றுக்கு என்ன உரம் போட்டேன் என்று சொல்கிற அதே சாவகாசத்தோடு சொன்னான். "நல்ல மனுஷன் மாவிஸ். வலிக்கு என்ன பண்ணனும்னு அவனுக்குத் தெரியுது."

அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் செடிகளைப் பார்த்தேன். அப்போதுதான் அது தென்பட்டது.

என் சொல்லை மதித்து அவன் ஒரே ஒரு தொட்டியை மட்டும் வாளிமேல் ஏற்றி வைத்திருந்தான். மற்ற ஐந்தும் தரையில். தரைச் செடிகளில் சிவப்பு முழங்கால் உயரத்துக்கு ஏறி, அங்கே நின்றிருந்தது. வாளிமேல் இருந்த செடியிலோ சிவப்பு போன தடவை பார்த்த அதே நாலு விரலுக்கு மேல் ஏறவில்லை. ஏற்றிய பிறகு வந்த புதுத் துளிர்களெல்லாம் பச்சை. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் ஆறு செடிகளிலும் சிவப்பு முடிகிற இடம் ஒரே மட்டத்தில் இருந்தது. நூல் பிடித்து வரைந்த மாதிரி. வெள்ளம் வந்து வடிந்த வீட்டின் சுவரில் ஒரு கோடு இருக்குமே, அந்த மாதிரி.

செடியின் வியாதி செடியின் உயரத்தைப் பார்த்து வரும். இது அறையின் உயரத்தைப் பார்த்து வந்திருந்தது. ஏதோ ஒன்று இந்த அறையில் தேங்கி நிற்கிறது. செடிகள் அதில் முழங்காலளவு நிற்கின்றன. தரையில் உட்காரும் வெர்லினுக்கு அது மார்பளவு, கொஞ்சம் சாய்ந்தால் தலையும் மூழ்கும்.

"மேல வாயேன், நெல்டா சோள ரொட்டி சுட்டிருக்கா" என்று கெஞ்சிக் கூத்தாடி அவனை அன்று மேலே கூட்டி வந்தேன். ஆனால் என்ன தேங்குகிறது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தண்ணீராக இருந்தால் தெரியும். பேய் என்று சொன்னால் நெல்டா துடைப்பத்தை எடுப்பாள். "அவன அங்க உக்கார விடாதடி, ரொம்பக் குளிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த வாரம் பெருமழை வந்தது. காலையிலிருந்தே காது அடைத்துக்கொண்டு, வானம் கூரைக்கு இறங்கியிருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் நெல்டா போன் செய்தாள்.

"பீன்ஸ் சூப் ஆறிப் போச்சு, இந்த மனுஷன் மேல வரமாட்டேங்கறான். நீ வந்து சொல்லு, உன் பேச்சத்தான் கேப்பான். பாத்திரம் கழுவக்கூட வெந்நி இல்ல, மறுபடி அணைஞ்சுடுச்சு. காலையிலேருந்து கீழ பேச்சுக் குரல் கேட்டுட்டே இருந்துது. இப்பத்தான் ஓஞ்சிருக்கு."

வெந்நீர்த் தொட்டிக்கு அடியில் எரியும் அந்தச் சிறு நீலச் சுடரை நான் நினைத்துப் பார்த்தேன். தரையிலிருந்து அது எவ்வளவு உயரம்? முழங்காலுக்குக் கீழே. மழைக்கு மழை அணைகிறது. மழைக்கு முன் தாள் உப்புகிறது. என் அப்பாவும் அவர் தலைமுறைச் சுரங்கக்காரர்களும் செத்த காற்று என்று ஒன்றைச் சொல்வார்கள். மூடிய சுரங்கத்தில் கரியும் மரமும் மக்கி உண்டாகும் கரியமில வாயு. விளக்கை அணைக்கும், மணமிருக்காது, கனம் அதிகமாதலால் தரையில் தண்ணீர்போலத் தேங்கும். மேலே காற்றின் அழுத்தம் குறையும்போது பூமி அதை வெளியே மூச்சுவிடும். மனிதனுக்கு விஷம். விளக்கொளியில் நிற்கும் செடிக்கோ அதுதான் சோறு. அதனால்தான் அத்தனை வளர்த்தி, அத்தனை பசி, அதன் குளிர் எட்டிய மட்டம்வரை அந்தச் சிவப்பு.

"நெல்டா, கீழ போகாத. படியில கால வைக்காத. கேக்குதா?"

"ஏன், என்னடி?"

"போகாதன்னா போகாத!"

அவசர எண்ணுக்குச் சொல்லிக்கொண்டே மழையில் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது நிலவறைக் கதவு திறந்திருந்தது. நெல்டா பாதிப் படியில், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கீழே விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. செடிகளின் அடியில் வெர்லின் ஒருக்களித்துப் படுத்திருந்தான், முகம் கல்சுவரைப் பார்க்க. மேல்சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்திருந்தான். காலணிகள் பக்கத்தில் ஜோடியாக இருந்தன. வெள்ளித்தாள் சுவரிலிருந்து பிய்ந்து, பாய்மரம்போலப் புடைத்துக்கொண்டு நின்றது.

"தூங்கறான்டி. எழுப்பிட்டு வந்துடறேன்" என்றாள் நெல்டா. அவள் நாக்கு குழறியது.

பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டி இழுத்தேன். "விடுடி, என் புருஷன்டி, விடு!" என்று முழங்கையால் என் வாயில் குத்தினாள். பல் உடைந்து ரத்தம் வந்தது. நான் விடவில்லை. நெல்டா என்னைவிடக் கனமானவள். எப்படி அவளைச் சமையலறைத் தரைவரை இழுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. நிலவறைக்கு வெளியிலிருந்து ஒரு சாய்வுக் கதவு உண்டு. மூச்சு திரும்பிய பிறகு இருவருமாக ஓடி அதை இழுத்துத் திறந்தோம். கொட்டகையிலிருந்த பெரிய விசிறியைக் கொண்டுவந்து உள்ளே பார்க்க வைத்தோம். நெல்டா மழையில் மண்டியிட்டு, திறந்த வாயிலைப் பார்த்து அவன் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தாள். ஒருமுறை உள்ளேயிருந்து "ம்" என்று பதில் வந்ததாக அவள் சொல்கிறாள். அந்த நிலையில் அவனால் பதில் சொல்லியிருக்கவே முடியாது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்ட இருவர் இறங்கி அவனைத் தூக்கி வந்தார்கள். உதடு நீலம். ஆனால் நாடி இருந்தது. தீயணைப்புப் படைத் தலைவர் ரஸ்நாக், காற்றை அளக்கும் ஒரு சிறிய கருவியைக் கயிற்றில் கட்டிப் படி வழியாக இறக்கினார். அது பாதியிலேயே அலறத் தொடங்கியது. அவர் அதை மேலே இழுத்து, எண்ணைப் பார்த்து, எங்கள் இருவரையும் இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் வெர்லின் கண் திறந்தது மறுநாள். ரஸ்நாக் பார்க்க வந்திருந்தார். மூச்சுக்காற்று கெட்டால் நெஞ்சு படபடக்கும், காரணமில்லாத பயம் வரும், ஆள் நிற்பதுபோலத் தோன்றும், குரல் கேட்கும். மூளை செய்யும் வேலை, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாகச் சொன்னார். வெர்லின் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவர் போனதும் நெல்டா, "அப்படி என்னதான்டா சொன்னான் அவன்?" என்றாள்.

"படுத்துக்கச் சொன்னான். வலி போயிடும்னான். நான் குனிஞ்சேன். 'இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் கொஞ்சம் கீழ'ன்னு சொல்லிட்டே இருந்தான்."

நெல்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வீங்கிய வாயைத் தடவிக்கொண்டு நின்றேன். மூளை செய்யும் வேலைதான். ஆனால் இருவர் மூளையும் ஒரே வார்த்தைகளை, ஒரே களைத்த குரலில் செய்யுமா என்று ரஸ்நாக்கிடம் கேட்க நினைத்தேன். இதுவரை கேட்கவில்லை. நெல்டாவிடமும் சொல்லவில்லை.

அரசாங்கத்தின் சுரங்கத் துறை ஆட்கள் வந்தார்கள். கல்சுவருக்குப் பின்னால் ஆளின் தோளகலத்துக்கு ஒரு பிளவு இருந்தது, அதற்கப்பால் இருட்டு. பிளவைச் சிமெண்டால் அடைத்து, உள்ளிருக்கும் காற்று வேறு வழியில் போவதற்கு மலைச்சரிவில் ஒரு இரும்புக் குழாயை நட்டுவிட்டுப் போனார்கள். செடிகளை நான் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். வந்த பிறகு அவை மற்றச் செடிகளைப் போலத்தான் வளர்ந்தன. புதுத்தண்டு பச்சையாக வந்தது. பழைய சிவப்பு மாறவில்லை, அறுக்கும்வரை அதே கோட்டில் நின்றது. விளைச்சல் நன்றாகவே இருந்தது. வெர்லின் அதை வேண்டாம் என்றான். நானும் வைத்துக்கொள்ளவில்லை, தோட்டத்தில் எரித்தேன். புகை போகும் பக்கத்தில் நிற்கவில்லை. இப்போது அவன் மாடி அறையில், ஜன்னலோரம், இரண்டே செடி வைத்திருக்கிறான்.

அவன் முதுகு பரவாயில்லை. புத்தியும் தெளிவாகத்தான் இருக்கிறது. சரிவிலிருக்கும் அந்தக் குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். வெயில் நாளில் உள்ளங்கையை உள்ளே இழுக்கும். மழைக்கு முன் சில்லென்று ஊதும். வானம் இருட்டிக்கொண்டு வரும் நாட்களில் என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், வெர்லின் அதனருகே தொப்பியோடு நிற்பது தெரியும். கொஞ்சம் தலையைச் சாய்த்து நிற்பான். நெல்டா பின்வாசலுக்கு வந்து கூப்பிடுவாள்.

இதுவரை, கூப்பிட்டவுடன் வந்துவிடுகிறான்.